இப்பியும் ஈரறிவும்: கொற்கை முதல் கோபே வரை

நம் சமயத்தார் நூலுக்குப் பெயரிடும்போது மணிகளை நாடியிருக்கின்றனர். சமந்தபத்திரர் இல்லறத்தார்க்கு வகுத்த ஒழுக்கநூல் ‘இரத்தினகரண்டகம்’, அதாவது மணிப்பேழை. அதனைத் தழுவித் தமிழில் எழுந்தது ‘அருங்கலச்செப்பு’. திருத்தக்கதேவர் தம் காப்பியத்தைச் சிந்தாமணி என்றார். தோலாமொழித்தேவர் தம் காப்பியத்தைச் சூளாமணி என்றார். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மூன்றையும் மும்மணி என்று சொல்லாத சமண இல்லம் இல்லை. உடைமையின்மையை உயர்ந்த நோன்பாகக் கொண்ட ஒரு சமயம், தன் தலையாய கருத்துகளுக்கெல்லாம் விலைமிகு பொருள்களின் பெயரைச் சூட்டியிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

உவமைக்கு மணியை எடுத்தவர் துறவியர். கையில் மணியை எடுத்து விற்றவர் இல்லறத்தார். பிற மணிகள் மண்ணிலும் பாறையிலும் கிடைப்பவை; முத்து மட்டும் ஓர் உயிரின் உடலுக்குள் விளைவது. கொல்லாமையைத் தலைமேற்கொண்ட வணிகர் இந்த ஒரு மணியை எவ்வாறு கையாண்டனர் என்ற வினாவே இக்கட்டுரையின் பொருள். இதற்கு விடை தேடுவோர் நம் புதுக்கோட்டைப் பாறைகளில் தொடங்கி, ஜப்பான் நாட்டுக் கோபே நகரம் வரை செல்ல வேண்டியிருக்கிறது. அங்கே முத்து வணிகத்தின் பொருட்டுக் குடியேறிய சமணக் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக ஜப்பானியரின் முத்துக்கலையோடு இணைந்து வாழ்ந்து, ஒரு வெண்பளிங்குக் கோயிலையும் எழுப்பியுள்ளன.

சித்தன்னவாசலுக்குச் சென்று வந்தோர் அறிவர் கோயிலின் விதானத்தில் உள்ள தாமரைக் குளத்தை மறக்கமாட்டார்கள். சமவசரணத்திற்குச் செல்லும் வழியில் உள்ள நீர்நிலை அது என்பர். பவ்வியர் பூக்கொய்கின்றனர், மீன்கள் துள்ளுகின்றன, யானைகள் நீராடுகின்றன. ஆனால் பலரும் கவனிக்காமல் கடந்து செல்வது தூண்களில் உள்ள ஆடல் மகளிரை. ஆடை குறைவு, அணி மிகுதி. அவர்தம் கொண்டைகளில் பூவோடு முத்தும் கோக்கப்பட்டிருக்கிறது. பாண்டியன் அவனிபசேகரன் சீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. பாண்டிய நாட்டு ஓவியன் ஒருவன் மகளிரை வரைய நினைத்தால் அவன் தூரிகையில் முத்து தானே வந்து சேரும்; கொற்கைத் துறை அவன் அரசனுடையதன்றோ! கருவறையில் துறவின் திருமேனி, வாயிலில் முத்தணிந்த ஆடல். இவ்விரண்டையும் ஒரே குகையில் வைத்ததில் நம் முன்னோர் முரண் எதனையும் கண்டதாகத் தெரியவில்லை. அதே குன்றின் ஏழடிப்பட்டத்தில், அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த கற்படுக்கையில் ஒன்றுமில்லாமல் படுத்துறங்கிய முனிவரும் இருந்தனர்.

கொற்கை முத்துக்கு ஈடாக வந்த பொருள் எது என்று கேட்டால் அதற்கும் நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. ஆலங்குடிப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 உரோமானியப் பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையுள்ள பேரரசர்களின் காசுகள் அவை. பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறது. காசாக இனி வழங்காது, பொன்னாகவே கொள்ளப்படும் என்பதற்கான அடையாளம் என்று ஆய்வாளர் கருதுவர். மிளகுக்கும் துணிக்கும் முத்துக்குமாக அந்நாளில் மேற்கிலிருந்து பொன் பெருகி வந்தது. இந்தியா, சீனம், அரேபியா ஆகிய மூன்றுமாகச் சேர்ந்து ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களைத் தம் நாட்டிலிருந்து உறிஞ்சிக்கொள்கின்றன என்று உரோம அறிஞர் பிளினி முத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் நொந்துகொள்கிறார். அதே நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘எரித்திரையக் கடற்பயண நூல்’ கொற்கையை முத்துக்குளிக்கும் இடம் எனக் குறிப்பிட்டு, அங்கே கடலில் மூழ்குவோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்ற செய்தியையும் தருகிறது. உரோமச் சீமாட்டியின் காதில் ஆடிய முத்துக்குப் பின்னால் மூச்சடக்கி மூழ்கிய ஒரு கைதி இருந்தான். சிப்பியைப் பற்றிக் கேட்பாரே இல்லை.

வணிகர்க்கும் நம் பள்ளிகளுக்கும் உள்ள உறவுக்குச் செட்டிபட்டியைக் காட்டுவேன். புதுக்கோட்டை மாவட்டத்தின் அச்சிற்றூரில் இடிந்து கிடக்கும் சமணக் கோயில் ஒரு காலத்தில் ‘ஐஞ்ஞூற்றுவப் பெரும்பள்ளி’ எனப் பெயர் பெற்றிருந்தது. ஐஞ்ஞூற்றுவர் என்போர் தென்னாடு முழுவதும், கடல் கடந்தும் வணிகம் செய்த பெருங்குழுவினர். அவர் கைவழிச் சென்ற பொருள்களில் மணியும் முத்தும் உண்டு. அரசன் பெயரால் அமைந்த பெரும்பள்ளிகள் பல. வணிகக் குழுவின் பெயரால் அமைந்தவை சில. தொழில் செய்யும் ஊரில் தம் இறைவனுக்கு ஓர் இடம் அமைத்துவிட்டுத்தான் வணிகன் நிம்மதியாக உறங்குவான் போலும். இன்று அவ்வூரில் நம்மவர் இல்லை; கல் மட்டும் இருக்கிறது. வணிகம் நகர்ந்தால் வணிகனும் நகர்வான். இச்செய்தியைக் கோபேவுக்குச் செல்லும்போது நினைவிற்கொள்ள வேண்டும்.

முத்தைத் தரம் பிரிக்கும் கலையில் தமிழர் பெற்றிருந்த தேர்ச்சி வியப்புக்குரியது. இளங்கோவடிகளைச் சமணத் துறவி என்றே நாம் போற்றுகிறோம். அத்துறவியார் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவைக் காட்டும்போது, ஒவ்வொரு மணிக்கும் உரிய குணத்தையும் குற்றத்தையும் கடைக்காரனைப் போல வகுத்துச் சொல்கிறார். காற்று, மண், கல், நீர் ஆகியவற்றால் முத்துக்கு நேரும் குற்றங்களைத் தனித்தனியே எண்ணுகிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் அளித்த அணிகலன்களைப் பொறித்த எழுத்தர், இன்ன நகையில் இத்தனை முத்து என்று சொல்லி நிறுத்தவில்லை. வட்டம், அநுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என வடிவாலும், குளிர்ந்த நீர், சிவந்த நீர் என ஒளியாலும் வகைப்படுத்திக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனத் துல்லியமாக நிறுத்து எழுதினர். ‘நீர்’ என்பது அங்கே ஒளியோட்டத்தைக் குறிக்கும் சொல். கல்லில் வெட்டிய கடைக் கணக்கு அது. தமிழாசிரியர்கள் இக்கல்வெட்டுகளை மாணவர்க்கு இன்னும் மிகுதியாகக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. கலைச்சொல் வேண்டுமென்று எங்கெங்கோ அலைகிறோம்.

அதே சிலம்பில் முத்துதான் கதையின் முடிச்சு. கோப்பெருந்தேவியின் சிலம்பின் பரல் முத்து, கண்ணகியின் சிலம்பின் பரல் மாணிக்கம். கொற்கை வேந்தனின் அரண்மனையில் முத்து இருப்பது இயல்பு. அந்த இயல்பே கோவலன் உயிரைக் குடித்த பின்னர்தான் உண்மையை வெளிப்படுத்தியது.

இனி, சிப்பியின் பக்கம் வருவோம். முத்துச் சிப்பிக்குப் பழந்தமிழ்ப் பெயர் ‘இப்பி’. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் பகுக்கும்போது, நந்தையும் முரளையும் ஈரறிவுயிர் என்கிறது. நந்து என்பது சங்கு, நத்தை முதலியன. முரள் என்பது இப்பி. உடலால் உணரும் ஊற்றறிவும் நாவால் உணரும் சுவையறிவும் அவற்றுக்கு உண்டு. நம் உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் காட்டும் உயிர்ப்பகுப்பும் இவ்வாறே புழுவுக்கு இரண்டு, எறும்புக்கு மூன்று, வண்டுக்கு நான்கு, மாந்தர்க்கு ஐந்து எனப் பொறிகளைப் படிப்படியாக ஏற்றிச் செல்கிறது. சங்கும் சிப்பியும் இரண்டாம் படியில் அடங்கும். இவ்வொற்றுமையைக் கொண்டே தொல்காப்பியரைச் சமணர் எனக் கருதிய அறிஞர் உளர். சமணரான பவணந்தி முனிவர் நன்னூலில் இதே பகுப்பை ஐயத்திற்கிடமின்றி மீண்டும் கூறினார். நன்னூல் கற்பித்த நாள்களில் இந்நூற்பாவை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடுவது வகுப்பறை வழக்கம். ஆனால் இலக்கண நூலுக்குள் இருப்பது ஒரு தீர்ப்பு: இப்பி உயிருடையது, உணர்வுடையது. ஓரறிவுயிரான புல்லும் மரமும் போலன்று. அது திரச உயிர். இல்லறத்தான் அணுவிரதம் ஏற்கும்போது, திரச உயிரை வேண்டுமென்றே கொல்லேன் என்றுதானே உறுதி கூறுகிறான்?

அவ்வுயிர் எத்தனை அழிந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1905ஆம் ஆண்டு இலங்கை மன்னார்ப் பக்கத்து மரிச்சுக்கட்டியில் ஆங்கில அரசு நடத்திய முத்துக்குளிப்பில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் கரையேற்றப்பட்டன. திறக்காத சிப்பிகளை ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். வாங்கியவர்கள் அவற்றைக் குவித்து அழுகவிடுவார்கள். ஈயும் புழுவும் தசையைத் தின்ற பின் எஞ்சியதைக் கழுவிச் சலித்து முத்தைப் பொறுக்குவார்கள். பல நூறு சிப்பிகளைப் பிளந்தாலும் நல்ல முத்து ஒன்று அகப்படுவது அரிது. தூத்துக்குடிக் கரையிலும் முறை இதுவே. அங்கே இறுதி முத்துக்குளிப்பு 1961இல் நடைபெற்றது. அதன்பின் பார்களில் சிப்பி வளம் குன்றிவிட்டது.

அந்நாளில் உலக முத்து வணிகத்தின் தலைநகரம் பம்பாய். பாரசீக வளைகுடா முத்தும் மன்னார் முத்தும் அங்கே வந்து துளையிடப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, சரமாகக் கோக்கப்பட்டுப் பாரிஸுக்குச் சென்றன. அச்சந்தையில் குசராத்துச் சமண வணிகரின் கை ஓங்கியிருந்தது. முத்தின் விலை எவ்வளவு உயர்ந்திருந்தது என்பதற்கு நியூயார்க்கில் நடந்த ஒரு பண்டமாற்றைச் சொல்வார்கள். 1917இல் பாரிஸ் நகை நிறுவனமான கார்ட்டியே, 10 இலட்சம் டாலர் மதிப்பிட்ட இரட்டைச்சர முத்துமாலை ஒன்றைக் கொடுத்து, ஐந்தாம் நிழற்சாலையில் ஒரு மாளிகையையே பெற்றுக்கொண்டது. அம்மாலையே 1957இல் ஏலத்திற்கு வந்தபோது ஒன்றரை இலட்சம் டாலர் அளவுக்குத்தான் விலைபோயிற்று. மாளிகையின் மதிப்பு என்னவாயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. இடைப்பட்ட 40 ஆண்டுகளில் முத்தை வீழ்த்தியவை பல: 1929இன் பொருளாதாரச் சரிவு, மாறிய நாகரிகம், எல்லாவற்றுக்கும் மேலாக ஜப்பானியர் ஒருவரின் விடாமுயற்சி.

கோகிச்சி மிகிமோட்டோ 1858இல் தோபா என்னும் கடற்கரை ஊரில் மாவடைக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அப்பகுதிக் கடலில் மூழ்குவோர் ‘அமா’ எனப்படும் பெண்கள். கொற்கைக் கைதிகளைப் போலன்றித் தலைமுறைத் தொழிலாகச் செய்தவர்கள். அளவின்றி அள்ளியதால் சிப்பி அருகிவருவதைக் கண்ட மிகிமோட்டோ 1888இல் அதனை வளர்க்கத் தொடங்கினார். கடல்நீர் செந்நிறமாகி உயிர்கள் மடியும் கேட்டினால் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சிய சிப்பிகளுள் 1893 ஜூலை 11ஆம் நாள் அவரும் மனைவி உமேயும் அரைக்கோள முத்தைக் கண்டனர். உமே மூன்றாண்டுகளில் மறைந்தார். முழு உருண்டை முத்தை விளைவிக்கும் முறையைக் கண்டவர்களாக தத்சுஹெய் மிசே, தொகிச்சி நிஷிகாவா ஆகிய இருவரையும் சொல்ல வேண்டும். நிஷிகாவா மிகிமோட்டோவின் மருமகன். ஆயினும் உலகம் ஒருவர் பெயரையே நினைவில் கொண்டது. வணிக உலகில் அது புதிதன்று.

மிகிமோட்டோவின் நகைகளில் ஜப்பானியக் கைவினை சேர்ந்த விதமும் குறிப்பிடத்தக்கது. 1876இல் வாள் தரிக்கத் தடை வந்தபோது, வாளுக்குப் பிடியும் உறையணியும் செய்த உலோகக் கலைஞர்கள் தொழிலிழந்து வேறு நுண்பணிகளுக்குத் திரும்பினர். அந்தக் கைத்திறனும் ஐரோப்பிய மணிபதிக்கும் முறையும் கலந்தே ஜப்பானில் புதிய நகைத்தொழில் உருவாயிற்று. மிகிமோட்டோ 1907இல் தமக்கென நகைப்பட்டறை அமைத்தார். 1926இல் பிலடெல்பியாக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய ஐந்தடுக்குப் பௌத்தக் கோபுரத்தில் 12,760 முத்துகள் பதிக்கப்பட்டிருந்தன. தரம் குறைந்த முத்துகள் சந்தையைக் கெடுத்தபோது 1932இல் அவற்றைப் பலர் காண எரித்தார். எரித்த இடம் கோபே.

வளர்ப்பு முத்து உண்மை முத்தா, போலியா என்ற வழக்குப் பாரிஸ் வரை சென்றது. இறுதியில் அதுவும் முத்தே என்றாயிற்று. ஜப்பானியர் முத்துக்கு வழங்கும் ‘ஷின்ஜு’ என்ற சொல்லுக்கு மெய்ம்மணி என்பது எழுத்துப்பொருள். வழக்கு முடிவதற்கு முன்பே தீர்ப்பைப் பெயரில் வைத்திருந்தார்கள். வளைகுடாவிலும் பம்பாயிலும் முத்து வணிகம் குலைந்தது. குலைந்த வணிகன் என்ன செய்வான்? இரண்டாம் உலகப்போருக்குப் பின் குசராத்துச் சமணக் குடும்பங்கள் சில, அடி விழுந்த திசைக்கே சென்று கோபேயில் குடியேறின. பாலன்பூர் முதலிய ஊர்களைச் சேர்ந்த அவர்கள் அறிந்த தொழில் மணி பார்ப்பது. பார்க்க வேண்டிய மணி அங்கே இருந்தது.

கோபே முத்து நகரமானதற்கு ஒரு காரணம் வெளிச்சம் என்பர். நகரின் வடக்கே ரொக்கோ மலை. மலைப்பசுமையில் பட்டுத் திரும்பும் வடதிசை ஒளி கண்ணைக் கூசச் செய்யாது; நிறத்தைத் திரிக்காது. அவ்வொளியில் பலகை விரித்து அமர்ந்து, பல்லாயிரம் முத்துகளிலிருந்து ஒரு சரத்துக்கு ஒத்தவற்றைப் பொறுக்குவதே அந்நகரின் தலையாய தொழில். ஒளியை ‘தெரி’ என்றும், படலத்தின் தடிப்பை ‘மகி’ என்றும், வடுவை ‘கிசு’ என்றும் சொல்லித் தரம் காண்பர். எடை ‘மொம்மே’ என்னும் 3.75 கிராம் அளவில். வளர்ப்பு முத்து உலகில் எங்கு விற்றாலும் இன்றும் இந்த ஜப்பானிய எடைதான் வழக்கு. கார்ட்டியே வாங்கினாலும் ஐதராபாத் வணிகர் வாங்கினாலும் மொம்மேதான். அநுவட்டம், சப்பத்தி, குளிர்ந்த நீர் என்று இராசராசன் எழுத்தர் வகுத்ததையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே கடையின் இரு பேரேடுகள் போலத் தோன்றும். ஒரு பேரேடு மூடியாயிற்று. மற்றொன்று எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

கிடானோ என்னும் மலைச்சரிவுப் பகுதியில் 1985இல் கோபே சமணர் பகவான் மகாவீரருக்குக் கோயில் எழுப்பினர். ஓட்டுக்கூரை வீடுகளுக்கு நடுவே வெண்பளிங்குச் சிகரம் எழுகிறது. 1935இல் எழுந்த மசூதியும் அந்நகரிலேயே உண்டு. வணிகத் துறைமுகத்தின் இலக்கணம் அது. அக்கோயில் சுவேதாம்பர மரபினருடையது, நாம் திகம்பரர். எனினும் ‘ஐஞ்ஞூற்றுவப் பெரும்பள்ளி’ என்ற பெயரை அறிந்த தமிழ்ச் சமணனுக்கு அச்சிகரத்தின் பொருள் விளங்காமல் போகாது.

இனிக் கடினமான இடத்துக்கு வருகிறேன். வளர்ப்பு முத்து கொலையைக் குறைத்ததா? ஒரு முத்துக்காகப் பல நூறு சிப்பிகளைக் குருட்டாம்போக்கில் அழுகவிட்ட கொடுமை நீங்கியது; இது சிறிய செய்தியன்று. ஆனால் முறையைப் பாருங்கள். மிசிசிப்பி ஆற்றுச் சிப்பியோட்டிலிருந்து கடைந்த உருண்டை ஒன்றும், வேறொரு சிப்பியைக் கொன்று அதன் உடற்போர்வையிலிருந்து வெட்டிய சிறு துண்டும், உயிருள்ள சிப்பியின் உடலைக் கீறி உள்ளே வைக்கப்படுகின்றன. கூடைகளில் இட்டு ஓராண்டு, ஈராண்டு கடலில் தொங்கவிடுவர். பல இடையிலேயே மடியும். குளிர்காலத்தில் படலம் நெருங்கி ஒளி கூடும் என்பதால் அப்போது கரையேற்றிப் பிளப்பர். ஜப்பானிய அக்கோயாச் சிப்பி அத்தோடு முடிந்தது. தென்கடல்களின் பெரிய சிப்பிகளில் முத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுமுறை உருண்டை வைப்பதுண்டு. அக்கோயாவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

ஹேமச்சந்திரர் தம் யோகசாத்திரத்தில் இல்லறத்தான் விலக்கவேண்டிய 15 தொழில்களைக் கூறுகையில், ‘தந்த வாணிஜ்யம்’ என்ற ஒன்றைச் சொல்கிறார். பல், மயிர், நகம், எலும்பு, தோல் முதலிய உயிருறுப்புகளை வணிகத்தின் பொருட்டு அவை தோன்றும் இடத்திலேயே சென்று வாங்குவது அது. ‘தோன்றும் இடத்தில்’ என்ற சொல்லில்தான் நுட்பம் இருக்கிறது. அங்கே நிற்கும் வணிகனின் பணமே அடுத்த கொலையைத் தூண்டும். பம்பாயில் அமர்ந்து கைமாறி வந்த முத்தை வாங்கியவன், தனக்கும் கொலைக்கும் இடையே கடல் இருக்கிறது என்று ஆறுதல் கொண்டிருக்கலாம். கோபே வணிகனுக்கு அந்தத் தொலைவு குறைந்துவிட்டது. பண்ணைகள் மியேயிலும் எஹிமேயிலும் நாகசாகியிலும் இருக்க, அவற்றின் விளைச்சல் அவன் பலகைக்கு வந்து சேர்கிறது. அவன் கத்தி எடுக்கவில்லை என்பது உண்மை. அவனுக்காக எடுக்கப்பட்டது என்பதும் உண்மை.

இப்படிச் சொல்லி அவர்களைக் குற்றக்கூண்டில் நிறுத்துவதற்கு நமக்குத் தகுதி உண்டா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்ச் சமணர் பெரும்பாலும் ஏர் பிடித்த குடியினர். கொழு முனையில் மண்புழு மடிவதை அறியாமல் உழவர் எவரும் உழுததில்லை. மண்புழுவும் ஈரறிவுயிரே. தொழில்வழி நேரும் கொலை வேறு, கருதிச் செய்யும் கொலை வேறு என்று நம் ஆசாரியர் பிரித்துக் காட்டி உழவனுக்கு வழிவிட்டனர். உழவில் புழு மடிவது நோக்கமன்று, விளைவு. முத்துப் பண்ணையிலோ சிப்பியைப் பிளப்பதே தொழிலின் நிறைவு. உண்ணாமல் வாழ முடியாது. முத்தணியாமல் வாழ முடியும். இவ்வேறுபாட்டை நான் பெரிதாகவே மதிக்கிறேன். நம் இல்லத் திருமணங்களில் பட்டு வேண்டுமா என்று கேட்கத் தொடங்கியிருக்கும் இளைய தலைமுறையினர், முத்துச்சரத்தைப் பற்றிக் கேட்டால் பெரியோர் கோபப்படலாகாது. பட்டுப்புழுவை மட்டும் பேசி இப்பியை விட்டுவிடுவது பாதி கேள்வி.

நம் கடலும் இத்தொழிலுக்குப் புறம்பானதன்று. மன்னார் வளைகுடாவின் சிப்பியும் ஜப்பானின் அக்கோயாவும் நெருங்கிய உறவின. ‘பிங்க்டாடா பியூகேட்டா’ என்ற ஒரே பெயரால் உயிரியலார் இரண்டையும் அழைப்பர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமியும் குழுவினரும் 1973 ஜூலையில் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் உருண்டை வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டினர். மிகிமோட்டோவின் முதல் முத்துக்குச் சரியாக 80 ஆண்டுகள் கழித்து, கொற்கைக் கடலில் மீண்டும் முத்து. ஆயினும் பெருந்தொழிலாக அது இங்கே வேர்கொள்ளவில்லை.

ஜப்பானியரிடம் ஒரு வழக்கம் உண்டு. முறிந்த தையல் ஊசிக்கும் பயன் தீர்ந்த தூரிகைக்கும்கூட நன்றி கூறிச் சடங்கு செய்வார்கள். ‘குயோ’ என்பது அதன் பெயர். மியே மாநிலத்துக் காஷிகோஜிமாவில், மிகிமோட்டோ சிப்பி வளர்த்த ஆகோ விரிகுடாவின் கரையில், முத்துச் சிப்பிகளுக்கென ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் முத்துத் தொழிலாளரும் பண்ணை உடையாரும் அங்கே கூடி, தம் கையால் மடிந்த சிப்பிகளின் அமைதிக்காக வழிபடுகின்றனர். மறுநாள் தொழில் நடக்கும், கொலை நிற்காது. அதனால் இதனை வெறுஞ்சடங்கு என்று தள்ளிவிடலாம். என்னால் அவ்வாறு தள்ள இயலவில்லை. கொன்றதைக் கொன்றோம் என்று ஊரறியச் சொல்லும் ஒரு தொழில் உலகில் எத்தனை இருக்கிறது?

நமக்கும் அத்தகைய ஓர் இடம் இருக்கிறது, நெடுநாளாக இருக்கிறது. திகம்பர மரபின் பிரதிக்கிரமணப் பாடத்தில், தம்மால் துன்புற்ற உயிர்களை வகைவகையாகப் பெயர் சொல்லிப் பொறுத்தருள வேண்டும் பகுதி வரும். ஓரறிவுயிர்களை முடித்து ஈரறிவுயிர்களுக்கு வரும்போது, கிருமி, சங்கு, பலகறை என்று பிராகிருதத்தில் ஓதிச் செல்லும் அவ்வரிசையில், மொழிபெயர்க்கவே தேவையில்லாத ஒரு சொல் நம் காதில் விழும். ‘சிப்பி’ என்பதே அச்சொல்.